போட்டுக் கேளாமல் துளைச்ச இசைத்தட்டு

ஹரிஸ் பார்க்கில புதுசா ஒரு தோசைக்கடை திறந்திருக்கினம். உள்ளுக்குப் போனால் சுவர் முழுக்கப் பழைய இசைத்தட்டுகள். ஒவ்வொண்டின்ர பின்னாலயும் நீலம், ஊதா எண்டு லைற் எரியுது. அந்த லைற்றுகளைப் பூட்டினது, நான் கடைசியா வேலை செய்து ஓய்வு பெற்ற விளம்பரப் பலகைக் கொம்பனியில இப்ப இருக்கிற பெடியள். என்னைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனதும் அவங்கள்தான். ஒருத்தன் சுவரைக் காட்டி, "அங்கிள், திஸ் இஸ் த லேட்டஸ்ற்" எண்டான். லேட்டஸ்ற்றாம்! எனக்குத் தோசை புரைக்கேறிப் போச்சு. "டேய் தம்பி, உன்ர அப்பர் அரைக் காற்சட்டையோட திரியேக்க நான் இந்த நாட்டில இதே வேலை செய்து சம்பளம் எடுத்தனான்" எண்டன். நம்பினாங்களோ! "தென் ரைட் இற் டவுன், அங்கிள்" எண்டு சிரிச்சாங்கள். சரி, எழுதிறன். தமிழிலதான் எழுதுவன். வாசிக்க விருப்பமெண்டால் எழுத்துக்கூட்டிப் படியுங்கோடா.

எழுபதுகளின்ர நடுவில நான் சிட்னிக்கு வந்தனான். யாழ்ப்பாணத்தில றேடியோ திருத்தினவன். இஞ்சை என்ர சேட்டிபிக்கற்றை ஒரு நாயும் மதிக்கேல்லை. முதல் ஒரு பிஸ்கற் பக்ரறி, பேந்து ஒரு வயர் கொம்பனி, வேலை முடியப் படிப்பு, கடைசியில எலக்ரீசியன் லைசென்ஸ். அந்தப் பாட்டை எல்லாரும் பாடியாச்சு, நான் விடுறன். லைசென்ஸ் கையில கிடைச்ச கையோட, பென்டில் ஹில்லில ஒரு பட்டறையில ஆள் தேடுகினம் எண்டு கேள்விப்பட்டுப் போனன். வென்ட்வேர்த்வில்லுக்கு அடுத்த ஸ்ரேசன். அப்ப அந்தப் பக்கம் முழுக்க மால்ற்றா தீவிலயிருந்து வந்த சனம். முருங்கைக்காய் வேணுமெண்டால் கனவில பாக்க வேண்டியதுதான்.

பட்டறை எண்டால் பெரிசா ஒண்டும் நினைக்காதேங்கோ. ஒரு வீட்டின்ர பின்வளவில தகரக் கூரை போட்ட கராஜ். முதலாளி மிஸிஸ் கார்மன். கட்டைப் பொம்பிளை, கொண்டைக்குள்ள எப்பவும் ஒரு பென்சில். புருசன் கடைகளுக்கு மின்சாரப் பெயர்ப்பலகை செய்த மனுசன், செத்துப்போனார். அந்த வேலை ஆயுதங்களை வைச்சுக்கொண்டு மனுசி வேற ஒரு வேலை தொடங்கியிருந்தா. பழைய இசைத்தட்டை வெட்டி, பின்னால லைற் போட்டு, சுவரில கொளுவிற படமாச் செய்து குடுக்கிறது. முடி வெட்டுற கடைக்காரன் கத்தரிக்கோல் கேப்பான். நடனக் கிளப்புக்காரன் ஆடுற பொம்பிளை கேப்பான். கலியாணத்துக்குச் சோடிப் புறா. எல்லாம் ஓடருக்குத்தான், ஒண்டு மாதிரி இன்னொண்டு செய்யிறேல்லை.

வேலையை ஒருக்காச் சொல்லிவிடுறன், பெடியள் கேட்டவங்கள். முதல் தட்டைச் சூரியனுக்கு நேர பிடிச்சுப் பாக்க வேணும். கறுப்புத் தட்டு எல்லாம் கறுப்பில்லை. சிலது வெளிச்சத்தில கடும் சிவப்பாத் தெரியும். அப்பிடியான தட்டைக் கனக்க வெட்டத் தேவையில்லை, அதுவே கொஞ்சம் ஒளி விடும். பிறகு படத்தைக் கடதாசியில கீறி ஒட்டி, நூல் மாதிரி மெல்லிய, பல்லு வைச்ச வாளால கையாலதான் வெட்டுறது. அவசரப்பட்டு இழுத்தால் வாள் சூடேறி, வெட்டின இடம் பின்னால உருகித் திரும்ப ஒட்டிப்போகும். அதுக்கு வாளில மெழுகுதிரி பூசுவம். பின்னால பலகைப் பெட்டி, உள்ளுக்கு வெள்ளைப் பெயின்ற், ஒரு சின்ன பல்ப். தட்டுக்கும் பல்ப்புக்கும் நடுவில நாலு விரல் இடைவெளி, பெட்டியின்ர மேலயும் கீழயும் காத்துப் போக ஓட்டை. இதில ஒண்டு பிழைச்சாலும் தட்டு அப்பளம் மாதிரிச் சுருண்டு போடும். இப்பத்தைய லைற்றுக்குச் சூடே இல்லை. அதுதான் உங்களுக்கு இவ்வளவு வாய்!

வேலை முடிய மிஸிஸ் கார்மன் வந்து சுவிச்சைப் போட்டுப் பாப்பா. நல்லாயிருக்கெண்டு ஒரு நாளும் சொல்லமாட்டா. "எரியுது" எண்டுவா, அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தினை நாள் மினக்கெட்டிருக்கிறன்!

மனுசியிட்ட ஒரு விடாப்பிடியான பழக்கம் இருந்தது. றேடியோ நிலையங்கள் கழிச்சுவிட்ட தட்டுகளை நாங்கள் என்னவும் செய்யலாம். ஆனால் ஆராவது வீட்டில இருந்து தங்கட தட்டைக் கொண்டுவந்தால், வாள் வைக்க முதல் அவைக்கு முன்னாலயே அதைப் போட்டுக் கேக்க வேணும். ரெண்டு பக்கமும், முதல்ல இருந்து கடைசி வரைக்கும். மேசையில ஒரு பழைய பிளேயர் அதுக்கெண்டே இருந்தது. அவ பாட்டைக் கேக்கிறேல்லை. தட்டுச் சுத்தேக்க வந்த ஆளின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிப்பா. முடிஞ்சாப் பிறகு, "இப்ப சொல்லுங்கோ, வெட்டவோ?" எண்டு கேப்பா. பாதிப் பேர் மூக்கைச் சிந்திக்கொண்டு தட்டைத் திருப்பி வீட்டை கொண்டு போயிடுவினம். எனக்குப் பத்திக்கொண்டு வரும். "மிஸிஸ் கார்மன், நாங்கள் வியாபாரம் செய்யிறமோ, ஒப்பாரி வீடு நடத்திறமோ?" எண்டு ஒருநாள் வாய்விட்டே கேட்டன். "வெட்டினதை ஒட்டேலாது, பாலா" எண்டுபோட்டு மனுசி தன்ர வேலையைப் பாத்தா.

இந்தப் பழக்கத்தை நான் எங்கட சனத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறனான். அப்ப மேற்குச் சிட்னியில எங்கட ஆக்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள். கோயில் கிடையாது. வெள்ளிக்கிழமையில ஆராவது ஒருத்தர் வீட்டில கூடிப் பிரார்த்தனை. அங்கை தேவாரம் படிக்கிறது குணரத்தினம் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிச்சவர். குரலெண்டால் குரல்! வந்த முதல் வருசம் நான் தனிக்கட்டை. கிழமை முழுக்கப் பக்ரறியில ஏச்சு வாங்கிப்போட்டு, வெள்ளிக்கிழமை மாஸ்டர் படிக்கேக்க மூலையில இருந்து கண்ணைத் துடைப்பன். அந்தக் குரல் இல்லையெண்டால் நான் திரும்பிப் போயிருப்பன். இதை மனசில வைச்சுக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கோ.

மாஸ்டர் ஒருநாள் பள்ளிக்கூடத்திலயே நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்து போயிட்டார். அவர் கொழும்பில இருக்கேக்க, ஒரு ஸ்ரூடியோவில தன்ர காசைக் குடுத்துத் தேவாரம் பதிஞ்ச ஒரு தட்டு வீட்டில இருந்தது. ஒரேயொரு பிரதி. செத்த வீட்டுக்குப் பிறகு ஆர் போனாலும், "அக்கா, மாஸ்டரின்ர தட்டைப் போடுங்கோ" எண்டுதான் கேப்பினம். மாஸ்டரின்ர மனுசி மகேஸ்வரி அக்கா, அதிகம் கதைக்காத ஆள். போட்டுவிட்டுக் குசினி வாசலில நிப்பா. எல்லாரும் அழுவம். அக்காவையும் பாப்பம், அழுகிறாவோ எண்டு.

இனிச் சொல்லப்போறது இவ்வளவு காலமும் நான் ஒருத்தருக்கும் சொல்லாதது. அக்கா போய்ச் சேர்ந்திட்டா. உயிரோட இருக்கேக்க, ஒருநாள் இதை எழுதட்டோ எண்டு கேட்டனான். "நான் போனாப் பிறகு எழுதுங்கோ தம்பி. வடிவா எழுதுங்கோ" எண்டவ.

ஒரு வெள்ளிக்கிழமை சுண்டல் குடுத்துக்கொண்டிருக்கேக்க அக்கா மெதுவாக் கேட்டா, "தம்பி, அந்தத் தட்டை உங்கட பட்டறையில விளக்காச் செய்து தரேலுமோ? வருசம் முடிய அவரின்ர ஆட்டைத் திவசம் வருது, அதுக்கு வேணும்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "அக்கா, செய்தால் பேந்து பாடாதே!" எண்டன். "தெரியும்" எண்டா. பக்கத்தில நிண்ட செல்லத்துரை அண்ணைக்கும் அது கேட்டிட்டுது. அவர் மாஸ்டரின்ர உயிர்ச் சிநேகிதன், எங்கட கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. வந்தவைக்கெல்லாம் வீடு பிடிச்சுக் குடுத்த நல்ல மனுசன். "பாலா, உன்ர முதலாளி வெட்ட முதல் போட்டுக் கேப்பா எண்டெல்லோ சொன்னனீ? அப்ப நான் கசற் றெக்கோடரோட வாறன். அதில பிடிச்சு வைச்சால் வெள்ளிக்கு வெள்ளி போடலாம். விளக்குக்கு விளக்கு, குரலுக்குக் குரல்!" எண்டார். எனக்கும் அப்பாடா எண்டிருந்தது. அக்கா சுண்டல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளுக்குப் போயிட்டா.

சனிக்கிழமை காலமை அண்ணையின்ர காரில ரெண்டு பேரும் வந்திறங்கிச்சினம். அக்கா தட்டைப் பட்டுத் துணியில சுத்திக் கொண்டுவந்தவ. கையில வாங்கின உடனேயே எனக்கு விளங்கீட்டுது, இது சாதாரணத் தட்டில்லை. அலுமினியத் தகட்டில கறுப்பு அரக்குப் பூசி, அதில நேரடியாப் பதிஞ்சது. வாள் வைச்சால் அரக்குச் செதில் செதிலா உரிஞ்சு போகும். வெட்டேலாது. சின்னச் சின்ன ஓட்டையாத்தான் துளைக்க வேணும். இதை மிஸிஸ் கார்மனுக்குச் சொல்லிக்கொண்டு நிக்க, அண்ணை அங்கால றெக்கோடரைச் செருகி, மைக்கைப் பிளேயரின்ர ஸ்பீக்கருக்குக் கிட்ட வைச்சுச் சரிபாத்தார். புதுக் கசற். மனுசனுக்கு நல்ல சந்தோசம்.

மிஸிஸ் கார்மன் தட்டைப் பிளேயரில வைச்சுச் சுத்த விட்டா. ஊசிக் கையைத் தூக்கினா. வழக்கம்போல முகத்தைப் பாத்தா. அக்கா தட்டைப் பாக்கேல்லை, றெக்கோடரைப் பாத்துக்கொண்டு நிண்டா. சேலைத் தலைப்பை விரலில சுத்திச் சுத்தி, விரல் வெளுத்துப் போச்சு. மிஸிஸ் கார்மன் ஊசிக் கையைத் திரும்ப வைச்சிட்டா.

"போடவோ?" எண்டு இங்கிலிசில அக்காவைக் கேட்டா.

"ஓமோம், போடுங்கோ, அவவுக்கு விருப்பம்" எண்டார் அண்ணை.

"நான் அவவைக் கேட்டன்."

அக்கா தலையை ஆட்டினா. அது ஓமோ, இல்லையோ, ஆருக்குத் தெரியும்? மிஸிஸ் கார்மன் அண்ணையைப் பாத்து, "உங்கட கார் ஒழுங்கையை மறிச்சு நிக்குது. பால் லொறி வாற நேரம். தள்ளி விட்டிட்டு வாங்கோ" எண்டா. பால் லொறி விடியவே வந்து போயிட்டுது. நான் வாயைத் திறக்க, மனுசி என்னை ஒரு பார்வை பாத்தா, மூடிக்கொண்டன். அண்ணை பாவம், கார்த் திறப்பைத் தேடிக்கொண்டு வெளியால ஓடினார். அவர் வாசல் தாண்டினதும் மனுசி போய்ப் பெட்டிப் பலகை அறுக்கிற பெரிய மெஷினின்ர சுவிச்சைப் போட்டா. தகரக் கூரை அதிருது. என்ர காதுக்குள்ள வந்து, "இப்ப கேள். உங்கட பாசையில கேள்" எண்டா.

"அக்கா, என்ன? போட வேண்டாமோ?" எண்டு கத்தினன்.

அக்கா வாசலைப் பாத்தா. பிறகு கத்தினா. அக்கா சத்தம் போட்டு நான் கேட்டது அண்டைக்குத்தான். கழுத்து நரம்பு புடைச்சுக்கொண்டு நிண்டுது.

"எனக்கு அந்தக் குரல் வேண்டாம் தம்பி! தேவாரம் படிச்சு முடிச்சு, எல்லாரையும் வாசல் வரைக்கும் போய் அனுப்பிப்போட்டு வந்து, அதே வாயால என்னை ஏசுவார். கட்டின நாள் தொட்டு. உப்புக் கூடினால் ஏச்சு, வந்தவையோட சிரிச்சுக் கதைச்சால் ஏச்சு. மாடு, மூதேவி, அதுதான் என்ர பேர். அந்த வீட்டில அவற்ர சத்தம் மட்டும்தான் கேக்க வேணும். இப்ப ஆளும் போயிட்டார். சனம் வந்து வந்து அதே சத்தத்தைப் போடச் சொல்லுது. நான் அழுகிறனோ எண்டு பாக்குது!"

"அப்ப எறிஞ்சிருக்கலாமே அக்கா!"

"எறிஞ்சால் என்னைச் சும்மா விடுவினமோ? அண்ணையிட்டக் குடுத்தால் வெள்ளிக்கு வெள்ளி முன்வரிசையில இருத்திப் போட்டுக் காட்டுவார். விளக்காக் கொளுவினால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது. அந்தக் கசற்றில மட்டும் ஏறினால் நான் துலைஞ்சன்!"

எனக்கு முதல்ல கோவம்தான் வந்தது, உண்மையைச் சொல்லுறன். என்னைத் தாங்கிப் பிடிச்ச குரல் அது. அதைப் பற்றி இப்பிடிச் சொல்லலாமோ? ஆனால் அக்காவின்ர கண் திரும்பத் திரும்ப வாசலுக்கு ஓடுது, செத்த மனுசன் இப்ப உள்ளுக்கு வந்திடுவார் எண்ட மாதிரி. அதைக் கண்டாப் பிறகு நம்பாமல் இருக்கேலாது.

"என்ன சொல்லுறா?" எண்டு மிஸிஸ் கார்மன் கேட்டா.

"போட வேண்டாமாம்" எண்டன். அவ்வளவுதான் மொழிபெயர்த்தன்.

மனுசி தட்டைப் பிளேயரில இருந்து கழட்டி, மேசையில விரிச்ச கம்பளித் துண்டில வைச்சா. கை ட்றில்லை எடுத்து என்னட்ட நீட்டினா. "உன்ர வேலை" எண்டா. "அக்கா, கடைசியாக் கேக்கிறன்" எண்டன். "துளையுங்கோ தம்பி. கெதியாத் துளையுங்கோ!" கோடுகளுக்கு நட்டநடுவில முனையை வைச்சுச் சுத்தினன். அரக்குத் தூள் கறுப்பா எழும்பிச்சுது, பிறகு அலுமினியம் வெள்ளையா. அந்தப் பக்கத்தால முனை வெளியில வந்ததும் ட்றில்லை இழுத்தெடுத்து மேசையில வைச்சன். மாஸ்டரின்ர குரல் இனி எனக்கும் இல்லை.

மனுசி மெஷினை நிப்பாட்டவும் அண்ணை உள்ளுக்கு வரவும் சரியா இருந்தது. "ஐயோ! தட்டு!" எண்டு தலையில கை வைச்சார். மிஸிஸ் கார்மன் அவருக்கு முன்னால போய் நிண்டு, "என்ர பிழை. வயசு போட்டுது, போட்டுக் கேக்க மறந்திட்டன். மன்னிக்க வேணும்" எண்டா. ஒரு ஆணி எங்கை கிடக்கெண்டதைக்கூட மறக்காத பொம்பிளை! அண்ணை விடேல்லை. "பாலா, மற்றப் பக்கம்? மற்றப் பக்கமெண்டாலும் பாடும்தானே?" எண்டார். "ஓட்டை ரெண்டு பக்கத்துக்கும்தான் அண்ணை. ஊசி முறிஞ்சுபோகும்" எண்டன். அவர் கதிரையில இருந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அதைப் பாக்க எனக்கும் அழுகை வந்தது. அக்கா ஒரு கிளாசில தண்ணி கொண்டுவந்து குடுத்தா. "அழாதேங்கோ அண்ணை. அவர் வெளிச்சமா இருப்பார்தானே" எண்டா. அக்காவின்ர மூளையை நான் அண்டைக்கு மெச்சினன்.

என்ன படம் போடுறதெண்டு பிறகு கேட்டன். நடராசர் எண்டோ ஓம் எண்டோ சொல்லுவா எண்டு நினைச்சன். "படம் ஒண்டும் வேண்டாம். ஓட்டை போடுங்கோ. எவ்வளவு நெருக்கமா ஏலுமோ, அவ்வளவு நெருக்கமா" எண்டா. தட்டின்ர கோடுகள் போற வழியே வட்டம் வட்டமாத் துளைச்சன். ஒவ்வொரு ஓட்டைக்கும் முதல் மெழுகு தேய்ச்சு, மேல ஒட்டுத்தாள் போட்டு, பாதி இந்தப் பக்கத்தால, பாதி அந்தப் பக்கத்தால. பொறுமை இல்லாமல் அமத்தினால் அரக்கு வெடிக்கும். சூட்டில அரக்கு மணக்காமல் இருக்க, பல்ப்பை ஆறு விரல் தள்ளிப் பூட்டினன். என்ர வாழ்நாளில அப்பிடி ஒரு வேலை நான் அதுக்கு முதலும் செய்யேல்லை, பிறகும் செய்யேல்லை. சுவிச்சைப் போட, கறுப்பு வட்டம் முழுக்கப் பொட்டுப் பொட்டா எரிஞ்சுது. மிஸிஸ் கார்மன் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டா. "எரியுது" எண்டா. கண்ணைத் துடைச்சவ எண்டு நினைக்கிறன், நான் குனிஞ்சு வயரைச் சுத்திக்கொண்டிருந்தன்.

ஆட்டைத் திவசம் வென்ட்வேர்த்வில்லில அக்காவின்ர வீட்டிலதான். விளக்கைச் சுவரில கொளுவி, கீழ மாஸ்டரின்ர படம், மாலை. செல்லத்துரை அண்ணைதான் சுவிச்சைப் போட்டார். எல்லாரும் "ஆ!" எண்டிச்சினம். "இப்பிடி ஒரு மனுசி கிடைக்கக் குடுத்து வைச்சிருக்க வேணும்" எண்டு ஒரு அன்ரி மூக்கைச் சிந்தினா. "இதை நூக்கப்படாது பிள்ளை, எந்த நேரமும் எரிய வேணும்" எண்டார் அண்ணை. "ஓம் அண்ணை" எண்டா அக்கா, தலையைக் குனிஞ்சபடி. ஒருத்தரும் தட்டைப் போடச் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறது? சாப்பாடு முடிய, வடையும் பொதி செய்து கையில தந்து எல்லாரையும் அனுப்பிவிட்டா.

ஸ்ரேசனுக்குக் கிட்டப் போகத்தான் குடையை விட்டிட்டு வந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனன். முன்கதவு பூட்டியிருந்தது. பின்பக்கத்தால சுத்திப் போக, பாட்டுச் சத்தம் கேக்குது. றேடியோ எண்டு நினைச்சன். குசினி வாசலில நிண்டு பாத்தால், அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சோறு காய்ச்சின கிடாரத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் படிக்கிறா. ஏதோ ஒரு பழைய சினிமாப் பாட்டு. சுருதியும் இல்லை, தாளமும் இல்லை, சொல்லு மறந்த இடத்தில தன்ர பாட்டுக்கு லாலலா போடுறா. அங்கால ஹோலில விளக்கு நூந்து கிடக்குது.

என்ர சப்பாத்துச் சத்தத்துக்குத் திரும்பினா. கதிரையில கிடந்த குடையைச் சவுக்காரக் கையால காட்டினா. நான் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டன். அக்கா பாட்டை நிப்பாட்டேல்லை.